எடிட்டருக்குள்ளே சத்தம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. விளையாட்டை ஓடவிடாமல், அதை உருவாக்கும் எடிட்டருக்குள்ளேயே ஒலிக்கோப்பைப் போட்டுக் கேட்கவும் நிறுத்தவும் நகர்த்தவும் பிளகின் (எடிட்டரோடு சேரும் கூடுதல் நிரல்) எழுதுவது எப்படி என்பதுதான் அது. கேட்டவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ பயன்படுத்துகிறார்கள் என்பதால் கோடோ 4.2-ஐ வைத்துப் பதில் சொல்கிறோம். அதேபோன்ற இன்னொரு மென்பொருளான யூனிட்டிக்குத் தனியே ஒரு பதில் உண்டு. கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். ஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு அவசியம்.

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் நால்வர் சேர்ந்து தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு விளையாட்டு செய்கிறோம். பெரட்டு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு) மணி, செம்பனை ஆலைச் சங்கு, தகரக்கூரையில் மழை, திருவிழா உறுமி என்று ஐம்பது ஒலிக்கோப்புகள் சேர்ந்துவிட்டன. கேட்டுப் பார்த்துப் பொறுக்கி எடுக்க எடிட்டரில் ஒரு சின்ன டாக் (ஓரப் பலகை) செய்தோம். பட்டனை அழுத்தினால் சத்தமும் வரவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. எங்கே தவறு?
(கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: பிழைச்செய்திகூட வரவில்லை என்று எழுதினீர்கள் பாருங்கள் தம்பி, அதிலேயே துப்பு இருக்கிறது. உங்கள் டாக் சீனில் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை. பிளகினின் முதன்மை ஸ்கிரிப்டில் முதல் வரியாக @டூல் போட்டிருப்பீர்கள், டாக்கின் ஸ்கிரிப்டில் விட்டிருப்பீர்கள். எடிட்டருக்குள் எந்த ஸ்கிரிப்ட் ஓடவேண்டுமோ அது ஒவ்வொன்றிலும் முதல் வரி @டூல் ஆக இருக்கவேண்டும். அது இல்லாத ஸ்கிரிப்டை எடிட்டர் வெறும் பொம்மையாகத்தான் வைத்திருக்கும். பட்டன் கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் அமுங்கும், பட்டன் அனுப்பும் சிக்னலைக் கேட்க மட்டும் ஆள் இருக்காது. @டூல் சேர்த்தபின் புராஜெக்ட் செட்டிங்ஸ் போய், பிளகின்ஸ் பக்கத்தில் உங்கள் பிளகினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே எழும்பி நிற்கும் டாக் பழைய நிலையிலேயே இருக்கும்.

அடிப்படை அமைப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புராஜெக்டுக்குள் ஆட்ஆன்ஸ் என்ற கோப்புறை, அதற்குள் உங்கள் பிளகினுக்கு ஒரு கோப்புறை. அதில் பிளகின்.சிஎஃப்ஜி கோப்பு. அந்தக் கோப்பில் பிளகின் என்ற தலைப்பின் கீழ் ஐந்து வரி: பெயர், விளக்கம், ஆக்கியவர், பதிப்பு, ஸ்கிரிப்ட். ஐந்தாவது வரி சுட்டும் ஸ்கிரிப்ட் எடிட்டர்பிளகின் வகையிலிருந்து வரவேண்டும். அதன் _என்டர்_ட்ரீ பகுதியில் டாக் சீனை உருவாக்கி ஆட்_கன்ட்ரோல்_டு_டாக் மூலம் எடிட்டரில் மாட்டவேண்டும்.

ஒலியை எழுப்புவது ஆடியோஸ்ட்ரீம்பிளேயர் என்ற நோட் (சீனின் ஓர் உறுப்பு). இரண்டு பரிமாணம், மூன்று பரிமாணம் என்று பெயரில் ஒட்டு இல்லாத சாதாரண வகையையே எடுங்கள். மற்ற இரண்டும் கேட்பவரின் இடத்தைக் கணக்கில் எடுப்பவை, ஒலியைப் பொறுக்கிப் பார்க்கும் வேலைக்கு ஆகாது. இந்த நோட்டை டாக் சீனுக்குள்ளேயே பிள்ளையாக வையுங்கள். ஸ்கிரிப்டில் புதிதாக உருவாக்கினால் ஆட்_சைல்ட் செய்தபின்தான் ப்ளே சொல்லவேண்டும். சீன் மரத்துக்கு வெளியே நிற்கும் பிளேயர் ஒலிக்காது, அவுட்புட் பலகையில் பிழைதான் வரும்.

சிலர் இந்தப் பிளேயரைக் கொண்டுபோய் அப்போது திறந்திருக்கும் விளையாட்டுச் சீனில் மாட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வேறு சீன் டேபுக்கு மாறிய கணமே பழைய சீன் மரத்திலிருந்து கழற்றப்படும், ஒலியும் பாதியில் அறுந்துபோகும். டாக் எப்போதும் மரத்தில் நிற்கிறது, அதன் பிள்ளையும் அப்படியே நிற்கும்.

பட்டன் அழுத்தியதும் நடக்கவேண்டியது இரண்டே வரி. பிளேயரின் ஸ்ட்ரீம் பண்பில் கோப்பை லோட் செய்து வைப்பது, பிறகு ப்ளே. ஐம்பது கோப்பின் பாதையைக் கையால் தட்டுவது வீண் வேலை. டாக்கில் _கேன்_டிராப்_டேட்டா, _டிராப்_டேட்டா இரண்டையும் எழுதிவிட்டால் ஃபைல்சிஸ்டம் பலகையிலிருந்து இழுத்துப் போடலாம். வரும் தகவல் ஓர் அகராதி. அதில் டைப் என்பது ஃபைல்ஸ் ஆக இருந்தால், ஃபைல்ஸ் என்ற பட்டியலில் பாதைகள் இருக்கும். ஓஜிஜி, வேவ், எம்பி3 என்று முடியும் பாதைகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அமைதி என்றால், எடிட்டரின் அடியில் ஆடியோ பலகையைத் திறந்து பாருங்கள். ஒலிகள் கலந்து வெளியேறும் தடத்தைப் பஸ் என்பார்கள். மாஸ்டர் பஸ் ம்யூட் ஆகியிருக்கலாம். யாராவது வேறொரு பஸ்ஸில் சோலோ பட்டனை அழுத்தி மறந்திருக்கலாம். எடிட்டரின் ஒலியும் அதே பஸ்கள் வழியாகத்தான் போகிறது. ஆட்டோப்ளே பெட்டியில் டிக் போட்டுக் காத்திருப்பதும் பயன் தராது. எடிட்டருக்குள் ஆட்டோப்ளே வேலை செய்யாதபடிதான் கோடோவை அமைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சீனைத் திறக்கும்போதும் பின்னணி இசை எழும்பிவிடும்.

கேள்வி: ஒலி ஓடும்போது கூடவே நகரும் ஸ்லைடர் வைத்தேன். ஓடவிட்டால் சத்தம் 'கர்ர்ர்' என்று அரைக்கிறது. ஸ்லைடரைக் கையால் இழுத்தாலும் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. பெரட்டு மணி போன்ற சின்ன ஒலிக்கு ஸ்லைடர் அசையவே இல்லை.
(வாசகர், லிந்தாங்)

பதில்: மூன்று கோளாறு, மூன்றுக்கும் காரணம் வேறு.

அரைக்கும் சத்தம் எப்படி வருகிறது? ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரை வரையப்படும் ஒவ்வொரு தடவையும்) ஒலி ஓடும் இடத்தை ஸ்லைடரின் வேல்யூவில் எழுதுகிறீர்கள். வேல்யூ மாறியதும் ஸ்லைடர் வேல்யூ_சேஞ்ச்ட் சிக்னலைக் கிளப்புகிறது. அந்தச் சிக்னலில் நீங்கள் சீக் போட்டிருக்கிறீர்கள். சீக் என்பது ஒலியை அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது. ஆக, நொடிக்குப் பல பத்துத் தடவை ஒலி தொடங்கித் தொடங்கி ஓடுகிறது. ஸ்லைடரை நகர்த்த செட்_வேல்யூ_நோ_சிக்னல் என்பதைப் பயன்படுத்துங்கள். முள் நகரும், சிக்னல் கிளம்பாது.

ஸ்லைடர் கையோடு மல்லுக்கட்டுவதைத் தடுக்க ஒரு கொடி (ஆம், இல்லை என்று காட்டும் மாறி) போதும். டிராக்_ஸ்டார்ட்டட் சிக்னலில் 'இழுக்கிறார்' என்ற மாறியை ட்ரூ ஆக்குங்கள். அது ட்ரூவாக இருக்கும்வரை, ஃபிரேம்தோறும் ஓடும் _ப்ராசஸ் பகுதி ஸ்லைடரைத் தொடக்கூடாது. டிராக்_எண்டட் வரும்போது ஒரே ஒரு தடவை சீக் செய்து மாறியை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஒலி ஓடாத நேரத்தில் சீக் ஒன்றும் செய்யாது என்பதையும் கவனியுங்கள். நிறுத்திவைத்த நிலையில் இழுத்தால் அந்த நொடியை ஒரு மாறியில் குறித்துவைத்து, அடுத்த ப்ளேயின் அடைப்புக்குள் கொடுக்கவேண்டும்.

சின்ன ஒலிக்கு அசையாததன் காரணம் ஸ்டெப், அதாவது ஸ்லைடர் ஒரு தடவைக்கு நகரும் அளவு. ஸ்லைடர் நோட்டில் ஸ்டெப் 1 என்று தொடங்குகிறது, அதாவது ஒரு முழு நொடி. அரை நொடி மணி ஒலிக்கு அதில் இடமே இல்லை. ஸ்டெப் 0.01, மினிமம் 0, மேக்ஸிமம் ஸ்ட்ரீமின் கெட்_லெங்த் தரும் நொடி. ஒவ்வொரு கோப்பை மாற்றும்போதும் மேக்ஸிமத்தையும் மாற்றுங்கள்.

இடத்தைச் சொல்லும் கெட்_ப்ளேபேக்_பொசிஷன் வழவழப்பாக ஓடாது. ஒலி துண்டு துண்டாகக் கலக்கப்படுவதால் அந்த எண்ணும் படிப்படியாகத்தான் ஏறும். ஆடியோசர்வரின் கெட்_டைம்_சின்ஸ்_லாஸ்ட்_மிக்ஸ் தரும் எண்ணை அதோடு கூட்டினால் முள் சீராகும். உறுமி அடியோடு துல்லியமாகக் குறியிட விரும்பினால் கெட்_அவுட்புட்_லேட்டன்சியையும் கழிக்கவேண்டும். அது கனமான அழைப்பு, ஒருமுறை கேட்டு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபிரேமுக்கு ஒருமுறை கேட்காதீர்கள்.

ஒலி நின்றதும் செட்_ப்ராசஸை ஃபால்ஸ் ஆக்கிவிடுவது நல்லது. ஏதாவது மாறினால்தான் எடிட்டர் திரையைப் புதிதாக வரையும். முள் சும்மா ஊர்ந்துகொண்டிருந்தால் மடிக்கணினியின் விசிறிக்கு ஓய்வே கிடைக்காது.

கேள்வி: ஒலி தானாக முடிந்தால் பட்டனின் படம் 'நிறுத்து' என்பதிலிருந்து 'ஓடு' என்று மாறுகிறது. நானே நிறுத்தினால் மாறமாட்டேன் என்கிறது.
(மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: ஃபினிஷ்ட் சிக்னல் ஒலி இடையூறில்லாமல் முடிந்தால் மட்டுமே வரும். ஸ்டாப் சொன்னாலோ நோட் மரத்திலிருந்து வெளியேறினாலோ வராது. லூப் ஆகும் ஒலி முடிவதே இல்லை, ஆகவே அதற்கும் வராது. பட்டன் படத்தை மாற்றும் வேலையை ஒரு தனிப் பகுதியாக எழுதி, ஃபினிஷ்ட்டிலிருந்தும் உங்கள் ஸ்டாப் பட்டனிலிருந்தும் அழையுங்கள். ஓடுகிறது, இடைநிறுத்தம், நின்றது என்ற மூன்று நிலையையும் உங்கள் சொந்த மாறியில் வைத்திருங்கள் தங்கச்சி. பிளேயிங் என்ற ஒரே பண்பை வைத்து மூன்று நிலையைப் பிரிக்க முடியாது. இடைநிறுத்தத்துக்கு ஸ்ட்ரீம்_பாஸ்ட் பண்பு இருக்கிறது. ட்ரூ என்றால் நிற்கும், ஃபால்ஸ் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டாப் இடத்தை மறந்துவிடும்.

கேள்வி: ஒலி அளவுக்கு 0 முதல் 100 வரை ஸ்லைடர் வைத்து நேராக வால்யூம்_டிபி பண்பில் இணைத்தேன். 70-க்குத் தள்ளியதும் ஒலிபெருக்கி அலறிவிட்டது. வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள்.
(வாசகர், கோலகங்சார் சாலை)

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: இதைச் சரிசெய்யும்வரை காதில் ஹெட்போன் மாட்டிச் சோதிக்காதீர்கள்.

வால்யூம்_டிபி டெசிபலில் போகிறது. 0 என்பது பதிவு செய்த அளவு. அதற்குக் கீழே கழித்தல் எண்கள். 20 டெசிபல் கூட்டினால் அலையின் உயரம் 10 மடங்கு ஆகும். 70 டெசிபல் என்றால் 3,000 மடங்குக்கும் மேல். அவ்வளவையும் தாங்க இடமில்லாமல் அலை வெட்டுப்பட்டு அலறலாக வெளிவருகிறது.

ஸ்லைடரை 0 முதல் 1 வரை, ஸ்டெப் 0.01 என்று வையுங்கள். வரும் எண்ணை லீனியர்_டு_டிபி வழியே மாற்றி வால்யூம்_டிபியில் போடுங்கள். 1 என்றால் 0 டெசிபல், 0.5 என்றால் சுமார் −6, 0.25 என்றால் சுமார் −12, 0.1 என்றால் −20. ஸ்லைடர் 0-வில் இருந்தால் விடை முடிவிலியின் கழித்தல் பக்கம் போய்விடும். அந்த எண்ணை எங்காவது சேமிக்கப் போகிறீர்கள் என்றால் தொல்லை, ஆகவே 0.0001-க்குக் கீழே போகாமல் தடுத்துவிடுங்கள். அது −80 டெசிபல், காதுக்கு அமைதிதான். பாதியில் வைத்தாலும் சத்தம் போதுமான அளவு குறையவில்லை என்று தோன்றினால் எண்ணை அதே எண்ணால் பெருக்கிவிட்டு மாற்றுங்கள். பாதி அப்போது −12 ஆகும், காதுக்கு அதுவே பாதியாகப் படும்.

கடைசியாக வைத்த அளவு அடுத்தமுறையும் நினைவிருக்க, எடிட்டர்செட்டிங்ஸில் செட்_புராஜெக்ட்_மெட்டாடேட்டா இருக்கிறது. விளையாட்டின் கோப்புகளைத் தொடாமல் தனியே சேமிக்கும். அது புராஜெக்டின் .கோடோ கோப்புறைக்குள் இருப்பதால், அந்தக் கோப்புறையை விட்டுவிட்டு உங்கள் நண்பருக்குப் புராஜெக்டை அனுப்பினால் உங்கள் ஒலி அளவு அவர் தலையில் விழாது.

கேள்வி: ஒலி அதிகமாக இருந்ததால் பிளகினிலிருந்து மியூசிக் பஸ்ஸின் அளவைக் குறைத்துக் கேட்டேன். மறுநாள் விளையாட்டை ஓட்டினால் அங்கேயும் இசை குறைந்திருக்கிறது. பிளகினை அணைத்தும் பழையபடி ஆகவில்லை.
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பிளகின் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். எடிட்டரின் ஆடியோ பலகையில் தெரியும் பஸ்கள் உங்கள் விளையாட்டின் பஸ்கள். அவற்றின் அமைப்பு டிஃபால்ட்_பஸ்_லேஅவுட் என்ற கோப்பாகப் புராஜெக்டில் சேமிக்கப்படுகிறது. பிளகின் ஒரு பஸ்ஸைக் குறைத்தாலோ தனக்கென்று புது பஸ் சேர்த்தாலோ, அது அப்போதைக்கு எடிட்டரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும். பிறகு நீங்கள் ஆடியோ பலகையில் வேறு ஏதோ சின்ன மாற்றம் செய்தாலும், முழு அமைப்பும் பிளகின் செய்த மாற்றத்தோடு சேர்ந்தே கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். பிளகினை அணைத்தும் மாறாததன் காரணம் அதுதான்.

இப்போதைக்கு ஆடியோ பலகையில் மியூசிக் பஸ்ஸைப் பழைய அளவுக்கு ஏற்றிச் சேமியுங்கள். கிட் (கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் கருவி) பயன்படுத்துபவராக இருந்தால் அந்த ஒரு கோப்பை மட்டும் பழைய நிலைக்குத் திருப்பினால் போதும். இனி பிளகினின் பிளேயரை மாஸ்டர் பஸ்ஸில் விட்டுவிட்டு, பிளேயரின் சொந்த வால்யூம்_டிபியை மட்டும் ஏற்றி இறக்குங்கள்.

இதே மாதிரி இன்னொரு கசிவும் உண்டு. லோட் தரும் ஒலி எடிட்டர் முழுவதும் பகிரும் ஒரே பொருள். முன்னோட்டத்துக்காக அதன் லூப் பண்பை மாற்றினால், அதே கோப்பைப் பயன்படுத்தும் திறந்த சீன்களிலும் மாறித் தெரியும். லூப் போட்டுக் கேட்க வேண்டுமானால் டூப்ளிகேட் எடுத்து அந்த நகலில் மாற்றுங்கள். எடிட்டரில் கேட்கும் ஒலிக்காக விளையாட்டின் எந்தப் பண்பையும் தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: பிளகினை அணைத்தாலும் மழைச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுபடி போட்டால் டாக் இரண்டாகிவிடுகிறது. விளையாட்டை எஃப்5 அழுத்தி ஓட்டும்போதும் இரண்டு சத்தமும் கலந்து கேட்கிறது.
(வாசகர், சங்காட் சாலாக்)

பதில்: _என்டர்_ட்ரீயில் மாட்டியதை எல்லாம் _எக்சிட்_ட்ரீயில் கழற்றவேண்டும். வரிசை இப்படி: பிளேயரை ஸ்டாப், ரிமூவ்_கன்ட்ரோல்_ஃப்ரம்_டாக்ஸ், பிறகு டாக்கை ஃப்ரீ. கழற்றுவதும் ஃப்ரீ செய்வதும் வேறு வேறு வேலை, இரண்டும் வேண்டும். உங்களுக்கு ஒலி தொடர்ந்து ஓடுவதைப் பார்த்தால் பிளேயரை டாக்கில் வைக்காமல் எடிட்டரின் அடித்தளக் கன்ட்ரோலில் மாட்டியிருக்கிறீர்கள். டாக்கின் பிள்ளையாக இருந்தால் டாக் போகும்போது அதுவும் போயிருக்கும்.

எஃப்5 அழுத்தினால் விளையாட்டு தனி ஓட்டமாகத் திறக்கிறது. எடிட்டர் பின்னால் தன் பாட்டுக்கு ஓடும், பிளகினின் ஒலியும் ஓடும். எடிட்டர்பிளகினில் _பில்ட் என்று ஒரு பகுதி எழுதலாம். விளையாட்டு ஓடத் தொடங்கும் முன் எடிட்டர் அதை அழைக்கும். அதில் பிளேயரை நிறுத்திவிட்டு ட்ரூ திருப்பித் தாருங்கள். ஃபால்ஸ் தந்தால் விளையாட்டே ஓடாது.

கேள்வி: யூனிட்டியில் எடிட்டர் விண்டோ ஒன்று எழுதி மாணவர்களுக்கு ஒலிகளைக் காட்ட நினைக்கிறேன். ப்ளேகிளிப்அட்பாயின்ட் போட்டால் சீனில் தேவையில்லாத பொருள்கள் சேர்கின்றன, பிழையும் வருகிறது.
(ஆசிரியை, இடைநிலைப் பள்ளி)

பதில்: டீச்சர், ப்ளேகிளிப்அட்பாயின்ட் விளையாட்டு ஓடும்போது பயன்படுத்த எழுதப்பட்டது. 'ஒன் ஷாட் ஆடியோ' என்று ஒரு பொருளை உருவாக்கி, ஒலி முடிந்ததும் டெஸ்ட்ராய் மூலம் அழிக்கப் பார்க்கும். எடிட் நிலையில் டெஸ்ட்ராய்க்கு அனுமதி இல்லை, டெஸ்ட்ராய்இமீடியட்தான் செல்லும். அதனால் பிழை வருகிறது, பொருளும் சீனில் தங்கிவிடுகிறது. தங்கியவற்றைச் சீனைச் சேமிக்கும் முன் நீக்கிவிடுங்கள்.

இன்ஸ்பெக்டரில் ஒலிக்கோப்பைச் சொடுக்கினால் கேட்கிறதே, அதைச் செய்வது யூனிட்டிஎடிட்டருக்குள் இருக்கும் ஆடியோயூட்டில் என்ற உள்வகை. வெளியாருக்குத் திறந்துவிடப்படாதது, ஆனால் பெயரை வைத்துத் தேடி அழைக்கும் வழியான ரிஃப்ளெக்‌ஷன் மூலம் அழைக்கலாம். ஆடியோஇம்போர்ட்டரின் அசெம்பிளியிலிருந்து அந்த வகையைப் பெயர் சொல்லி எடுத்து, ப்ளேப்ரிவ்யூகிளிப் என்ற ஸ்டாட்டிக் பகுதியை அழையுங்கள். மூன்று தகவல் கேட்கும்: கிளிப், தொடங்கவேண்டிய சாம்பிள் (பதிவான ஒலியின் மிகச்சிறு துண்டு), லூப் உண்டா இல்லையா. நடுவிலிருந்து தொடங்க நொடியைச் சாம்பிளாக மாற்றவேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் கோப்பில் 2.5 நொடி என்றால் 1,10,250. நிறுத்த ஸ்டாப்ஆல்ப்ரிவ்யூகிளிப்ஸ். யூனிட்டி 2020.2-க்கு முன் இவற்றின் பெயர் ப்ளேகிளிப், ஸ்டாப்ஆல்கிளிப்ஸ் என்று இருந்தது. பள்ளிக் கணினிகளில் பழைய பதிப்பு இருந்தால் இரண்டு பெயரையும் தேடும்படி எழுதுங்கள். உள்வகை என்பதால் பெயர் மறுபடியும் மாறலாம். தேடியது கிடைக்காவிட்டால் விண்டோவில் ஒரு வரிச் செய்தி வரட்டும், ஒன்றும் சொல்லாமல் அமைதியாக நிற்கவேண்டாம்.

ஆன்டிஸேபிளில் நிறுத்தும் அழைப்பை வைக்க மறக்காதீர்கள். விண்டோவை மூடும்போதும், ஸ்கிரிப்ட் மாறி எல்லாம் மறுபடி ஏற்றப்படும்போதும் அது வரும். முள் நகர ஆன்இன்ஸ்பெக்டர்அப்டேட்டில் ரீபெயின்ட் சொன்னால் போதும், நொடிக்கு 10 தடவை வரும். வகுப்பறைக்கு அது தாராளம்.

கேள்வி: கோயில் திருவிழாவில் பதிவு செய்த உறுமியை நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். .ஓபஸ் என்று முடிந்த கோப்பை .ஓஜிஜி என்று பெயர் மாற்றியும் கோடோ எடுக்கவில்லை. எந்த வடிவம் நல்லது?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஓபஸ் குறியாக்கம். கோடோ எதிர்பார்ப்பது வோர்பிஸ். கைப்பேசி தரும் .எம்4ஏ கோப்பையும் கோடோ எடுக்காது. ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் திறந்து வேவ் அல்லது ஓஜிஜி வோர்பிஸாக ஏற்றுமதி செய்யுங்கள். விண்டோஸில் .எம்4ஏ திறக்க ஆடாசிட்டிக்கு எஃப்எஃப்எம்பெக் நூலகமும் வேண்டும். குரல் பதிவாக வந்தது ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டிருக்கும், உறுமியின் அடிநாதம் அதில் பாதி போயிருக்கும். பதிவு செய்த மூலக் கோப்பை 'ஆவணம்' என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள்.

மணி, சங்கு, ஓரிரு அடி போன்ற குறுகிய ஒலிக்கு வேவ். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் நொடிக்கு 88,200 பைட், 12 நொடிக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட். மூன்று நிமிட இரட்டைத் தட இசை அதே முறையில் 32 மெகாபைட்டை நெருங்கும். 128 கிலோபிட் ஓஜிஜியில் 3 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மழைபோல் திரும்பத் திரும்ப ஓடவேண்டியதை எம்பி3 ஆக வைக்காதீர்கள். குறியாக்கும்போது தலையிலும் வாலிலும் சிறு அமைதி சேர்ந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் அது இடைவெளியாகக் கேட்கும்.